தம்பி கடிதம் கான்டன்

ஜூன் 4

தம்பிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்று நீங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அச்சடித்தது என்றால் படிப்பேன். கையெழுத்து என்றால், எழுதினவரே பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினால்தான் எனக்குப் படிக்க வரும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகாமல் போய்விட்டது. பிறகு எப்படிக் கடிதம் எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள். வாயடிக்கிறவளுக்குக் காது கேட்டே ஆக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

பிப்ரவரியில் உங்கள் அண்ணன் கொடிப் பட்டறையில் வெட்டுமேசை மேலேயே சாய்ந்தார். கையில் கத்தரிக்கோல். துணியைக் கடைசிவரை கோணாமல் வெட்டி முடித்துவிட்டுத்தான் சாய்ந்தார், அவர் புத்திதான் தெரியுமே. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தார். நாலாம் நாள் இடது கையால் ஒரு சீட்டில் மூன்று வார்த்தை எழுதி என் முகத்துக்கு நேரே பிடித்தார். கோழி கிளறின மாதிரி இருந்தது. படித்தாயா என்று கண்ணாலேயே கேட்டார். நர்ஸும் பக்கத்துக் கட்டில்காரர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிக்க வரவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "படிச்சிட்டேங்க, நான் பாத்துக்கறேன்" என்று தலையாட்டினேன். மனிதர் அப்படியே நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் அவர் பேனா கேட்கவே இல்லை.

அந்தச் சீட்டை நாலு மாதமாகப் பொத்தான் டப்பாவில் வைத்திருக்கிறேன். யாரிடமாவது காட்டினால் "அன்னிக்கே படிச்சேன்னு சொன்னியே" என்பார்கள். போன வாரம் வீம்பாக உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டேன். "தம்பி கடிதம் கண்டேன்."

ஆக, நீங்கள் அவருக்குக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். ஒன்பது வருடம் மூச்சுப்பேச்சு இல்லாமல் இருந்துவிட்டு அப்படி என்னதான் எழுதினீர்கள்? அதைப் படித்துத்தான் விழுந்தாரா? தலையணை உறையைக்கூடப் பிரித்துத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. திட்டி எழுதியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிய வேண்டும்.

பதில் எழுதினால் குண்டு குண்டாக எழுதுங்கள். வரைபடத்தில் ஊர்ப்பெயர் எழுதுகிற கைதானே.

அண்ணி


ஜூன் 11

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. வழக்கம்போலக் "கடிதம் கண்டேன்" என்று தொடங்கக் கை வரவில்லை.

நான் அண்ணனுக்குக் கடிதம் எழுதவில்லை. பிப்ரவரியிலும் இல்லை, இந்த ஒன்பது வருடத்தில் எப்போதும் இல்லை. எழுதியிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு முறை என் கையால் எழுதிவிடுகிறேன். புதுச் சாலைக்கான கோட்டை வரைந்தது நான். அது நாங்கள் இருவரும் பிறந்த வீட்டின் நடுவே போயிற்று. இடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை, மேலிடத்திலிருந்து அளவுகள் வந்தன, நான் புள்ளிகளைச் சேர்த்தேன். ஆனால் சேர்த்த அன்றே எனக்குத் தெரியும். அதன் பிறகும் ஐந்து மாதம் அதே வீட்டில் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன், சொல்லவில்லை. இடிக்கும் நோட்டீஸ் வந்த அன்று அண்ணன் சொன்னார்: "என் தலைமேல கோடு போட்டவன் இனிமே என் வாசப்படி மிதிக்கக் கூடாது." மிதிக்கவில்லை. நீங்கள் குடிபோன வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே உங்கள் உறையின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

அவர் இறந்த செய்தி எட்டு நாள் கழித்து ஓர் அஞ்சல் அட்டையில் வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைத் தெரியப்படுத்துகிறேன்.

அந்தச் சீட்டில் இருப்பதை அப்படியே நகலெடுத்து அனுப்ப முடியுமா?


ஜூன் 17

தம்பி,

"நீங்கள்" போட்டு எழுதியதில் எனக்குக் கை வலிக்கிறது. நான் இந்தக் குடும்பத்துக்கு வந்தபோது நீ சட்டைப் பொத்தானை ஒன்று விட்டு ஒன்று போட்டுக்கொண்டு நின்றாய். இனி "நீ"தான். பிடிக்கவில்லை என்றால் "பிடிக்கவில்லை என்பதைத் தெரியப்படுத்துகிறேன்" என்று ஒரு மனு போடு.

அட்டை ஏன் எட்டு நாள் கழித்து வந்தது என்று நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். "நான் செத்தாலும் அவனுக்குச் சொல்லாதே" என்று எப்போதோ கோபத்தில் சொல்லியிருந்தார். உயிரோடு இருக்கும்போது அவர் சொன்னதில் எதையும் நான் கேட்டதில்லை. போகும்போதாவது ஒன்றைக் கேட்போம் என்று எட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. உன்னைக் கடைசியாக முகம் பார்க்க விடாமல் செய்தது நான்தான். அதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். பட்டறையில் சரக்கு ஏற்றிக்கொண்டு உன் ஊர்ப்பக்கம் போய்விட்டு வருகிற வண்டிக்காரர் எல்லாரிடமும் உன் அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "அங்க மழையா?" மழை என்றாலும் தலையாட்டுவார், வெயில் என்றாலும் தலையாட்டுவார். போய்த் துணி வெட்டுவார். அந்த ஊர் மழையில் நமக்கு என்ன நட்டம் என்று நான் கேலி பண்ணுவேன்.

சீட்டைக் கீழே வைத்து மேலே தாளைப் போட்டு, தையலுக்குக் குறி போடுகிற பல் சக்கரத்தை ஓட்டி எடுத்திருக்கிறேன். ஓட்டை ஓட்டையாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். படித்துவிட்டு நல்லதாக இருந்தால் உடனே எழுது. கெட்டதாக இருந்தால் அதையும் எழுது. பொய்க்குத் தலையாட்டி எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

அண்ணி


ஜூன் 24

அண்ணிக்கு,

"கண்டேன்" இல்லை. ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். "க"வுக்குப் பக்கத்தில் ஒரு கால் இருக்கிறது. அடுத்தது இரண்டு சுழி "ன்". "டே" என்று நீங்கள் படித்தது வெறும் "ட", முன்னால் இருப்பது கை நடுங்கின கோடு.

"தம்பி கடிதம் கான்டன்."

கான்டன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். எங்கள் வரைபடங்களில் மாவட்டத்துக்கு அடுத்த சிறு பிரிவுக்கு அந்தப் பெயர்தான். நான் வேலை செய்வதே கான்டன் எல்லைகளை வரையும் பிரிவில். அண்ணனுக்கு இது தெரிந்திருக்கும், வேலையில் சேர்ந்த நாளில் நானே சொன்னேன்.

அண்ணி, இதற்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும். அண்ணன் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நான் குடியிருக்கும் தெரு தெரியாததால் கான்டன் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறார். அது எங்கேயோ கிடக்கிறது.

மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். இந்தப் பக்கத்தில் பதினொரு கான்டன் அலுவலகங்கள் இருக்கின்றன. ஆறில் கேட்டுவிட்டேன். உரிமை கோராத கடிதங்களை ஒரு சாக்கில் போட்டு வைத்திருக்கிறார்கள், கொட்டிக் காட்டினார்கள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு குமாஸ்தா, "என்ன சார், அவ்வளவு முக்கியமானதா?" என்றார். "எங்க அண்ணன்" என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார்.

மிச்சம் ஐந்து. அவர் கூப்பிட்டாரா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.


ஜூலை 1

தம்பி,

தேடுவதை நிறுத்து. எங்கேயும் போகாதே. உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதம் வந்ததும் பட்டறை மேஸ்திரியிடம் கேட்டேன். "மேஸ்திரி, கான்டன்னு ஒரு ஊரு இருக்காமே, எந்தப் பக்கம்?" மனிதர் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊரா? ஏம்மா, தினம் அது மேலதான மிஷின் ஓட்டிக்கிட்டிருக்க?"

கொடியில் கம்பத்தை ஒட்டி மேல் மூளையில் ஒரு சதுரம் வருமே, நாங்கள் பொட்டி என்று சொல்வோம். அதற்குத்தான் அந்தப் பெயராம். மேஸ்திரியிடம் ஒரு பழைய மாதிரிப் புத்தகம் இருக்கிறது. பக்கம் பக்கமாகக் கேடயம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர். உன் அண்ணன் அதைக் கரைத்துக் குடித்துவிட்டு வெட்டுகிற அறையில் எல்லாரையும் படுத்தியிருக்கிறார். "பொட்டின்னு சொல்லாதீங்கப்பா, கான்டன்னு சொல்லுங்க, மரியாதையா இருக்கும்." என்னிடமும் சொல்லியிருப்பார். தையல் கூடத்து மிஷின் சத்தத்தில் அவர் பேசுவதில் பாதி என் காதில் விழாது. மீதியை நான் கேட்பதில்லை.

இப்போது கேள். அவர் கடைசியாக வெட்டி முடித்து அனுப்பிய கொடி ஜனவரிக் கடைசியில் போயிற்று. பச்சைத் துணி, வெள்ளைப் பொட்டி, அதற்குள் அளவுச் சங்கிலிச் சின்னம். உன் நில அளவை அலுவலகத்துக் கொடி.

பொட்டிக்கு இரண்டு பக்கமும் துணி வரும், நடுவில் பை மாதிரி இருக்கும். மூன்று பக்கம் நான் தைத்தேன். நாலாவது பக்கத்துக்கு வரும்போது "விடு, அதை நான் கையால போட்டுக்கறேன்" என்றார். போட்டுக்கொண்டு வந்தார். கோணல் தையல். "இதென்ன, எறும்பு நடந்து போன தடமா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான்தான் அதற்கு இஸ்திரி போட்டேன். உள்ளே மொடமொடவென்று இருந்தது. விறைப்பாக நிற்கக் கேன்வாஸ் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுதிவிட்டார் தம்பி. தபாலில் போட ரோஷம் விடவில்லை. கிழித்துப் போட மனசு வரவில்லை. அதனால் உன் தலைக்கு மேலேயே பறக்க விட்டுவிட்டார்.

மாடிக்கு ஏறு. பொட்டியைப் பிரி. கைத்தையல் இருக்கிற பக்கமாகப் பிரி, சீக்கிரம் வரும்.

அண்ணி


ஜூலை 8

அண்ணிக்கு,

"மூளை" இல்லை, "மூலை". இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், மற்றதை எழுதக் கொஞ்ச நேரம் தேவைப்படுகிறது.

அகராதியைப் பார்த்தேன். கான்டன், பிரெஞ்சு வழி வந்த சொல், அடிப்படையில் மூலை என்றுதான் பொருள். ஒன்று, கேடயத்தில் அல்லது கொடியில் மேல் மூலைச் சதுரம். இரண்டு, ஒரு நாட்டின் உட்பிரிவு. இருபது வருடமாக இரண்டாவது பொருளை வைத்துப் பிழைக்கிறேன். அதற்கு மேல் ஒரு வரி இருந்ததைப் படித்ததில்லை.

மாடியில் அந்தக் கொடி இல்லை. மே மாதம் மழை பெய்தது. விடாமல் பதினாறு நாள். கம்பம் என் மேசைக்கு நேர் மேலே இருக்கிறது, நனைந்த துணி கம்பத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. கோடு போட முடியவில்லை. பியூனைக் கூப்பிட்டு "அந்தக் கொடிய எறக்கித் தொலைங்க" என்று சொன்னது நான்தான். நைந்துபோன கொடியை எங்கள் அலுவலகத்தில் வெட்டிப் பேனா துடைக்க வைத்துக்கொள்வது வழக்கம். என் மேசையிலும் ஒரு பச்சைத் துண்டு இருக்கிறது. ஒரு மாதமாக அதில்தான் துடைக்கிறேன்.

பொட்டி தடிப்பாக இருந்ததால் பியூன் அதை வெட்டாமல் தன் முக்காலியில் மெத்தையாகப் போட்டு வைத்திருந்தார். கேட்டதும் எழுந்து கொடுத்தார். கைத்தையல் பக்கம் பிரித்தேன். நீங்கள் சொன்னது சரி, எறும்புத் தடம் மாதிரிதான் இருக்கிறது. நூல் இன்னும் விடவில்லை.

உள்ளே தாள் இருந்தது. நாலு பக்கமும் துணியோடு சேர்த்து ஓட்டுத்தையல் போட்டிருந்தார். நீர் இறங்கிக் கூழாகிக் காய்ந்திருக்கிறது. ஊதா மை, ஒரே கறை. பூதக்கண்ணாடி வைத்து மூன்று நாள் பார்த்தேன். மேலே "தம்பி" என்று இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. கடைசி வரியில் முதல் எழுத்து "வா". அதற்குப் பிறகு மை பரவியிருக்கிறது. அந்த இடத்தில் எதுவும் இல்லாமலும் இருக்கலாம், பத்துப் பன்னிரண்டு எழுத்து இருந்திருக்கவும் இடம் இருக்கிறது. அளந்து பார்த்தேன்.

"வா" என்று கூப்பிட்டிருக்கலாம். "வாசப்படி மிதிக்காதே" என்றும் எழுதியிருக்கலாம்.

நீங்கள் அவரோடு இருந்தவர். எது?


ஜூலை 13

தம்பி,

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, உனக்குத் தோன்றவில்லை. "வாயாடி." என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "வாயாடி சௌக்கியமா இருக்கா" என்று எழுதி முடித்திருக்கலாம். இதை எழுதிவிட்டுச் சிரித்தேன். பக்கத்து மிஷின்காரி, "என்னக்கா, அழுதுகிட்டே சிரிக்கறீங்க?" என்றாள். கண்ணில் நூல்தூசி விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பி, மழை மே மாதம்தான் பெய்தது. பிப்ரவரியில் கொடி புதுசு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் "எனக்குப் படிக்க வரலைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நர்ஸ் படித்திருப்பாள். உனக்கு அன்றைக்கே ஆள் அனுப்பியிருப்பேன். நீ ஏறிப் பிரித்திருப்பாய். அவர் மூச்சு இருக்கும்போதே வந்திருப்பாய். இரண்டு நாள் மிச்சம் இருந்தது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட்டேன். அந்த நாலு பேர் முகம்கூட இப்போது ஞாபகம் இல்லை.

நீ வீட்டு மேல் கோடு போட்டதைச் சொல்லாமல் ஐந்து மாதம் இருந்தாய். நான் படிக்கத் தெரியாததைச் சொல்லாமல் நாலு மாதம் இருந்தேன். உன்னைவிட ஒரு மாதம் நல்லவள்.

எது என்று கேட்டிருக்கிறாய். "வா"தான் என்று எழுத எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. நீயும் நம்பிவிடுவாய். ஆனால் அவர் எழுதியதைப் படித்துவிட்டேன் என்று நான் ஒரு தடவை தலையாட்டிவிட்டேன். இன்னொரு தடவை ஆட்ட மாட்டேன். எனக்குத் தெரியாது தம்பி. அவர் கூப்பிட்டாரா என்பது இனி யாருக்கும் தெரியாது.

நான் கூப்பிடுகிறேன். வா. அந்தத் துணியையும் எடுத்துக்கொண்டு வா, அந்தத் தையலை நான் ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும். அவர் சொல்லை மீறி வாசப்படி மிதிக்க உனக்கு மனசு வராது, தெரியும். நீயும் அவருக்குத் தம்பிதானே. தெரு மூலையில் வந்து நில், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்தால் அது மிதித்த கணக்கில் வராது.

பார், "மூலை" சரியாக எழுதியிருக்கிறேன்.

அண்ணி


ஜூலை 19

அண்ணிக்கு,

வருகிறேன். 28ஆம் தேதி ஞாயிறு, காலை பத்து மணி. தெரு மூலையில் நிற்பேன். துணியைக் கொண்டுவருகிறேன்.

வாசல்வரை வர எனக்கு உரிமை இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை. நீங்கள் வந்து கூப்பிட்டால் வருவேன். இல்லையென்றால் மூலையோடு திரும்பிவிடுகிறேன், தவறாக நினைக்க மாட்டேன்.


ஜூலை 29

அண்ணிக்கு,

நேற்று பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை மூலையில் நின்றேன். நீங்கள் வரவில்லை.

அந்த வீட்டில் இருந்துகொண்டு என்னைக் கூப்பிடுவது எளிதில்லை என்று எனக்குப் புரிகிறது. கடைசி நேரத்தில் மனம் மாறியிருக்கும். அண்ணன் எழுதியது இரண்டாவதுதான் என்று உங்களுக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கும். அதைச் சொல்லாமல் இருந்ததற்கு நன்றி.

துணியைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பிரித்த பக்கத்தைத் தைக்கவில்லை. இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.


ஆகஸ்ட் 2

தம்பி,

துணி வந்து சேர்ந்தது. மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்கே நான் தெரு மூலைக்குப் போய்விட்டேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போனேன், வெயில் அடித்தது. சலவைக் கடைக்காரர் முக்காலி போட்டுக் கொடுத்தார். "யாருக்காக நிக்கறீங்க?" என்றார். "எங்க வீட்டுத் தம்பி வர்றாரு, வரைபடம் போடறவரு, எடம் மாறிப் போகவே மாட்டாரு" என்றேன். ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கடையைச் சாத்தும்போது முக்காலியை உள்ளே எடுத்து வைக்க வேண்டும் என்று அவர்தான் எழுப்பிவிட்டார். நீ வரவில்லை, அண்ணன் சொல்லைக் காப்பாற்றிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நேற்று எங்கள் தபால்காரர் உன் பார்சலைக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "ஞாயித்துக்கிழம அந்தப் பக்கம் தபால் பெட்டிகிட்ட ஒருத்தர் கையில துணிய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரும்மா. லெட்டர் போடவும் இல்ல, போகவும் இல்ல."

போன கடிதத்தில் "மூலை" என்று எழுத்துப்பிழை இல்லாமல்தான் எழுதியிருந்தேன். எங்கள் தெருவுக்கு மூலை இரண்டு.

அண்ணி